அவிபத்திகரமா, அஷ்ட சூர்ணமா? அசிடிட்டி, கேஸ் மருந்து அலமாரி ஒரு பார்வை

ஆயுர்வேத மருந்துக்கடையில் போய் "கேஸ் ட்ரபிளுக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு டப்பா கைக்கு வரும். ஒன்று அவிபத்திகர சூர்ணம், இன்னொன்று அஷ்ட சூர்ணம். வடக்கத்தி கம்பெனி டப்பாவாக இருந்தால் அஷ்ட சூர்ணத்தின் பெயர் ஹிங்வாஷ்டக சூர்ணம் என்று இருக்கும், சரக்கு ஒன்றுதான். இரண்டு டப்பாவின் முகப்பிலும் அசிடிட்டி, கேஸ், அஜீரணம் என்று ஏறக்குறைய ஒரே வரிதான் அச்சாகியிருக்கும். உள்ளே இருப்பவையோ நேரெதிர் குணமுள்ள மருந்துகள். ஒன்று பித்தத்தை மலம் வழியாக இறக்குகிறது, மற்றது வயிற்றில் சூடேற்றி வாயுவைக் கலைக்கிறது. நெஞ்செரிச்சல்காரர் அஷ்ட சூர்ணத்தை வாங்கிப் போய்ப் போட்டுக்கொண்டால் எரிச்சல் கூடும். உப்புசக்காரர் அவிபத்திகரத்தைத் தின்றால் வயிற்றுப்போக்கு வரும், உப்புசம் அப்படியே இருக்கும். ஆகவே முகப்பைப் பார்க்காமல் டப்பாவைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் படிப்பதுதான் முதல் வேலை.

அவிபத்திகர சூர்ணத்திலிருந்து தொடங்கலாம். 'பைஷஜ்ய ரத்னாவளி' என்ற பழைய மருத்துவ நூலின் அம்லபித்த (நெஞ்செரிச்சல், புளியேப்பத் தொல்லை) அதிகாரத்தில் வரும் யோகம், அதாவது மருந்துக் கலவை இது. சுக்கு, மிளகு, திப்பிலி, கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய், கோரைக்கிழங்கு, விட லவணம் (ஒருவகை உப்பு), வாய்விடங்கம், ஏலம், இலவங்கப்பத்திரி ஆகிய பதினொன்றும் ஒவ்வொரு பங்கு. கிராம்பு 11 பங்கு. சிவதை வேர் 44 பங்கு. சர்க்கரை 66 பங்கு. கூட்டினால் 132. அதாவது டப்பாவில் சரிபாதி சர்க்கரை, மூன்றில் ஒரு பங்கு சிவதை. மீதியில் பாதி கிராம்பு, பாதி மற்ற பதினொன்றும். 5 கிராம் எடுத்துக்கொண்டால் 2.5 கிராம் சர்க்கரையும் சுமார் 1.7 கிராம் சிவதையும் உள்ளே போகும். விளம்பரப் படத்தில் பளபளவென்று நிற்கும் நெல்லிக்காய் வெறும் 38 மில்லிகிராம்.

சிவதை வேர் பேதி மருந்து. அம்லபித்தத்துக்கு ஆயுர்வேதம் சொல்லும் சிகிச்சையே விரேசனம், அதாவது பேதியாக்கிப் பித்தத்தை வெளியேற்றுவது என்பதால் அது அங்கே இருப்பது பிழையில்லை. ஆனால் வாங்குபவருக்கு அது தெரிய வேண்டும். மலச்சிக்கலோடு சேர்ந்த நெஞ்செரிச்சல், காலையில் கசப்புத் தண்ணீராக எதுக்களிப்பு, சாப்பிட்ட பின் புளியேப்பம் உள்ளவர்களுக்கு இந்த அலமாரியிலேயே நல்ல மருந்து இதுதான். வயிறு ஏற்கெனவே இளகிப்போகிறவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், மூலத்தில் ரத்தம் போகிறவர்கள் தொடக் கூடாது.

லேபிளில் பொதுவாக 3 முதல் 6 கிராம் என்றிருக்கும். முதல் மூன்று நாள் 3 கிராமிலேயே நிற்பது நல்லது. இரவுச் சாப்பாட்டுக்குச் சற்று முன், சாதாரணத் தண்ணீரில் அல்லது ஆறிய பாலில் கலந்து எடுக்கலாம். டீஸ்பூன் கணக்கை நம்ப வேண்டாம். சர்க்கரை சேர்ந்த பொடி கனமானது, குவித்து எடுத்தால் 5 கிராமைத் தாண்டிவிடும். சமையலறைத் தராசில் ஒரு தரம் நிறுத்து, உங்கள் ஸ்பூனில் 3 கிராம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டால் போதும். மறுநாள் காலை ஒரு தடவை இளக்கமாகப் போனால் அளவு சரி. மூன்று தடவை தண்ணீராகப் போனால் பாதியாகக் குறைக்க வேண்டும். கிராம்பு கணிசமாக இருப்பதால் நாக்கில் விறுவிறுவென்று இருக்கும். எரிச்சலுக்கு மருந்து வாங்கினால் மருந்தே எரிகிறதே என்று பலர் முதல் நாளே டப்பாவைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். கலந்து குடித்தால் அது தெரியாது, பொடியாக வாயில் போட்டால்தான் தெரியும்.

இரண்டு வாரத்துக்கு மேல் மருத்துவரைக் கேட்காமல் தொடர வேண்டாம். எந்தப் பேதி மருந்தையும் மாதக்கணக்கில் எடுத்தால் உடம்பில் பொட்டாசியம் குறையும், குடலும் அதை எதிர்பார்த்தே வேலை செய்யப் பழகிவிடும். நீர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு.

சர்க்கரை நோயாளிகளுக்காகச் சிலர் சர்க்கரை சேர்க்காத அவிபத்திகரம் விற்கிறார்கள். நோக்கம் நல்லதுதான், கணக்கில்தான் கோளாறு. 66 பங்கு சர்க்கரையை எடுத்துவிட்டால் மீதி 66 பங்கில் 44 சிவதை. மூன்றில் ஒரு பங்காக இருந்தது மூன்றில் இரண்டாகிவிடுகிறது. லேபிளில் பழைய அளவையே அச்சிட்டிருந்தால் 5 கிராமில் 3.3 கிராம் சிவதை. சிவதைத் தூளைத் தனியாகக் கொடுக்கும்போதே 1 முதல் 3 கிராம்தான் வழக்கம். ஆகவே சர்க்கரையில்லாத வகையை வாங்கினால் சரிபாதி அளவு போதும். உண்மையில் 3 கிராம் சாதாரண அவிபத்திகரத்தில் இருப்பது ஒன்றரை கிராம் சர்க்கரை. அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டு பழைய வகையையே எடுப்பது பலருக்குச் சௌகரியம்.

கேரளத்து மருந்தகங்களில் கிடைக்கும் 'அவிபத்தி சூர்ணம்' வேறு சேர்மானம். அதையும் இதையும் ஒன்றென்று நினைத்து அளவை மாற்றிப் போட வேண்டாம். இதை வீட்டில் இடிப்பதும் வேண்டாம். சிவதை என்று நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதில் வேறு கொடியின் தண்டும் வேரும் கலந்து வருவது பழைய பிரச்சினை. நடுநரம்பை நீக்கி மேல்பட்டையை மட்டும் எடுக்கும் பக்குவமும் எல்லோருக்கும் தெரிந்ததல்ல.

அஷ்ட சூர்ணம் இதற்கு மாறு. 'அஷ்டாங்க ஹ்ருதயம்' என்ற நூல் வாத குல்மத்துக்கு, அதாவது வாயு திரண்டு வயிற்றில் உருளும் நோய்க்குச் சொல்லும் யோகம். சுக்கு, மிளகு, திப்பிலி, அசமதா ஓமம், இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம் எல்லாம் சம பங்கு. பேதி மருந்து எதுவும் கிடையாது. சமையலறையில் இல்லாத சரக்கு என்று பார்த்தால் அசமதா ஓமமும் திப்பிலியும்தான், திப்பிலியும் கண்டதிப்பிலி ரசம் வைக்கிற வீட்டுக்குப் பழக்கமானதே. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வயிறு கல்லாக உப்புவது, மேல்வயிறு பொருமல், ஏப்பம் வராமல் முட்டுவது, பட்டாணி சுண்டலோ உருளைக்கிழங்கோ சாப்பிட்ட ராத்திரி தூக்கமில்லாமல் கிடப்பது, இவற்றுக்கு இது நன்றாக வேலை செய்யும். நெஞ்செரிச்சல், வாய்ப்புண், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு ஆகாது. எட்டில் மூன்று பங்கு திரிகடுகம் (சுக்கு, மிளகு, திப்பிலி) என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் ஏன் என்று கேட்கத் தோன்றாது.

இதை எடுக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். வெந்நீரில் கலக்கி மடக்கென்று குடித்தால் தொண்டை கமறும், விக்கல் வரும், பெருங்காய நெடி மதியம் வரை ஏப்பத்தில் திரும்பும். நூலில் சொல்லியிருப்பது நெய்யோடு, முதல் கவளத்தில். சூடான சாதத்தில் அரை டீஸ்பூன், அதாவது ஒரு கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரை போட்டு, உருக்கிய நெய் ஒரு டீஸ்பூன் விட்டுப் பிசைந்து முதல் இரண்டு பிடி சாப்பிட வேண்டும். அங்காயப்பொடி சாப்பிட்டுப் பழகிய வீட்டுக்கு இதை விளக்கவே தேவையில்லை. நெய் திரிகடுகத்தின் காரத்தை மட்டுப்படுத்துகிறது. பொடியும் சாப்பாட்டோடு கலந்து போகிறது. சாப்பிட்டு முடித்து வயிறு உப்பிய பிறகு மோரில் கலந்து குடித்தாலும் பயன் உண்டு, ஆனால் முதல் கவளத்தில் கிடைக்கும் பலன் அதில் கிடைக்காது.

இந்துப்பு எட்டில் ஒரு பங்கு. 3 கிராம் சூர்ணத்தில் 375 மில்லிகிராம் உப்பு. ரத்த அழுத்தக்காரர்கள் அன்றைய ஊறுகாய், அப்பளத்தை விட்டால் சரியாகிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பெரின் சில மருந்துகள் ரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டும்.

கடையில் வாங்கும் அஷ்ட சூர்ணத்தில் ஏமாற்றுவது பெருங்காயம்தான். எட்டுச் சரக்கில் விலை கூடியது அது. நாம் சமையலுக்கு வாங்கும் கூட்டுப் பெருங்காயம் பெரும்பகுதி கோதுமை மாவோ அரிசி மாவோ, கூடவே கருவேலம் பிசின். உணவுப் பாதுகாப்பு விதிப்படி அதில் சாராயத்தில் கரையும் சத்து 5 சதவீதம் இருந்தாலே போதும். அதைப் போட்டு இடித்த சூர்ணத்தில் பெயருக்குத்தான் ஹிங்கு. டப்பாவைத் திறந்ததும் பெருங்காய வாசனை முதலில் வந்து, பின்னால் ஓமமும் சீரகமும் வந்தால் சரக்கு சரி. ஓமம் மட்டுமே தூக்கலாக வந்தால் வேறு கம்பெனி பாருங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: பெருங்காயத்தின் வகை லேபிளில் இருக்காது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அவிபத்திகரத்தை வீட்டில் செய்யாதீர்கள் என்றேன், அஷ்ட சூர்ணத்தைச் செய்யலாம். கடைச் சரக்கைவிட நன்றாகவே வரும். தூளாகவும் சலித்ததாகவும் ஒவ்வொன்றும் 10 கிராம் என்று வைத்தால் 80 கிராம் கிடைக்கும், ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்குத் தாராளம். எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்து ஒன்றாக மிக்சியில் போடுவதுதான் வழக்கமான பிழை. சுக்கில் நார் அதிகம், சலிக்கும்போது கால்வாசி சல்லடையிலேயே தங்கிவிடும். மிளகு முழுக்க இறங்கிவிடும். விகிதம் மாறிப்போய்க் காரம் ஏறும். தனித்தனியாக இடித்து, மெல்லிய துணியிலோ நுண்சல்லடையிலோ சலித்து, அப்புறம் நிறுக்க வேண்டும். சுக்கின் மேல்தோலைச் சுரண்டிவிட்டு 15 கிராம் எடுத்தால் 10 கிராம் தேறும்.

சீரகம், கருஞ்சீரகம், ஓமம் மூன்றையும் தனித்தனியே இளஞ்சூட்டில் வாசனை வரும் வரை வறுக்கலாம், நிறம் மாறக் கூடாது. கட்டிப் பெருங்காயத்தைச் சுண்டைக்காய் அளவுக்கு உடைத்து, இரும்புச் சட்டியில் நாலு சொட்டு நெய்யில் பொரித்தால் உப்பி மொறுமொறுப்பாகும். நடுவில் பிசுபிசுப்பு இருந்தால் இன்னும் பொரியவில்லை என்று பொருள், அந்த நிலையில் இடித்தால் மிக்சி பிளேடில் ஒட்டிக்கொள்ளும். நெய் கூடினாலும் பொடி கட்டிதட்டி ஒரு மாதத்தில் சிக்கு வாடை வரும். இந்துப்பை வெறும் சட்டியில் வறுத்து ஈரம் போக்கிக் கடைசியில் சேர்க்க வேண்டும். அசமதா ஓமம் கிடைக்காவிட்டால் சாதா ஓமமே போதும், தென்னாட்டில் பல மருந்தகங்களில் அதுதான் நடக்கிறது. காரம் சற்றுக் கூடும், அவ்வளவே.

மற்ற டப்பாக்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

ஜீரகாரிஷ்டம் உப்புசத்துக்கும் பசிமந்தத்துக்கும் நல்ல மருந்து. நெஞ்செரிச்சலுக்குத் தவறான மருந்து, ஏனென்றால் அரிஷ்டம் என்பதே வெல்லத்தோடு காட்டாத்திப்பூ போட்டுப் புளிக்க வைத்தது. தானாக உண்டாகும் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று லேபிளில் போட்டிருப்பார்கள். 8 சதவீதம் என்றால் 30 மில்லியில் 2.4 மில்லி. சம அளவு தண்ணீர் சேர்த்து, சாப்பிட்ட பின் குடிப்பது. மெட்ரோனிடசோல் மாத்திரை எடுக்கும் நாட்களில் கூடாது. கல்லீரல் நோயாளிகளுக்கும் குடியை விட்டவர்களுக்கும் எந்த நாளும் கூடாது.

புதினா சத்து கேப்ஸ்யூல்களும் பச்சை நிறச் சொட்டு மருந்தும் வயிற்றுப் பிசைவுக்குச் சரி. ஆனால் புதினா எண்ணெய் இரைப்பைக்கு மேலே உள்ள வால்வைத் தளர்த்தும். எதுக்களிப்பு உள்ளவர் குடித்தால் சில்லென்று ஒரு ஐந்து நிமிடம் இருக்கும், பிறகு புளிநீர் இன்னும் மேலே ஏறும்.

சங்கு பஸ்மம், பலகறை பஸ்மம், முத்துச்சிப்பி பஸ்மம் சேர்ந்த மாத்திரைகள் எரிச்சலை உடனே அடக்குகின்றன. மந்திரம் ஒன்றுமில்லை, அவற்றில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். இங்கிலீஷ் மருந்துக்கடையில் மென்று தின்னக் கொடுக்கும் ஆன்டாசிட் பலவற்றிலும் அதேதான். காமதூத ரசமும் இந்த வகையே. பெயரில் ரசம் இருந்தாலும் பாதரசம் கிடையாது, சீந்தில் சர்க்கரையும் (சீந்தில் கொடியின் மாச்சத்து) காவிக்கல்லும் கூடுதலாகச் சேரும். கால்சியம் சேர்ந்த எதையும் தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம் தள்ளித்தான் எடுக்க வேண்டும், இரும்புச்சத்து மாத்திரையையும் கூடவே விழுங்கக் கூடாது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் கேட்டுக்கொண்டு எடுப்பது நல்லது.

ஈனோ பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் ஆயுர்வேத மருந்து என்றிருப்பது பலரும் கவனிக்காத விஷயம். 5 கிராமில் சுவர்ஜிக க்ஷாரம் 2.32 கிராம், நிம்புகாம்லம் 2.18 கிராம். சமையல் சோடாவும் எலுமிச்சை உப்பும்தான். வேகத்தில் இதை எதுவும் மிஞ்சாது. ஆனால் ஒரு பாக்கெட்டில் 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் போகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுமைக்கும் சொல்லும் வரம்பு 2000 மில்லிகிராம். பிரியாணி சாப்பிட்ட அன்று ஒன்று குடிப்பதில் குற்றமில்லை. தினசரி மருந்தாக, அதுவும் பிரஷர் உள்ளவருக்கு, இது ஆகாது.

அதிமதுரம் சேர்ந்த மாத்திரைகளும் சூரணங்களும் எரிச்சலைத் தணிக்கும், ருசியும் நன்றாக இருக்கும். அந்த ருசிதான் ஆபத்து. மாதக்கணக்கில் தின்றால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

சூதசேகர ரசத்தை மட்டும் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டோம். ஆன்லைனில் "அசிடிட்டி மாத்திரை" என்று சாதாரணமாக விற்கிறார்கள். அதில் சுத்தி செய்த பாதரசம், கந்தகம், தாமிர பஸ்மம், ஊமத்தை விதை, வத்ஸநாபி என்ற நச்சுக் கிழங்கு இருக்கின்றன. மருத்துவர் மேற்பார்வையில்தான் எடுக்க வேண்டும் என்று லேபிளில் எச்சரிக்கை அச்சிடச் சட்டமே சொல்கிறது. அந்த வரி இல்லாத டப்பா என்றால் விற்பவரையே நம்ப முடியாது.

சித்த மருந்து அலமாரியில் இதே வேலைக்குப் பஞ்ச தீபாக்கினி சூரணம் இருக்கிறது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், சீரகம், கூடச் சர்க்கரை. பெருங்காய வாடை பிடிக்காதவர்களுக்கு அஷ்ட சூர்ணத்தின் இடத்தில் இதைச் சொல்லலாம், தேனில் குழைத்துச் சாப்பிட எளிது.

எந்தச் சூர்ணமும் தீர்க்காதவை உண்டு. ராத்திரி படுத்ததும் எரிகிறது என்றால் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி, தலைப்பக்கக் கட்டில் கால்களின் கீழ் 15 சென்டிமீட்டர் கட்டை, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது, இந்த மூன்றும் மருந்துக்கு முன்னால் வர வேண்டும். ஹெலிகோபேக்டர் கிருமியால் வந்த புண்ணுக்கு ஆன்டிபயாடிக் தேவை, அவிபத்திகரம் அதை மறைத்து வைக்கத்தான் செய்யும். மூட்டுவலி மாத்திரை தினமும் போடுகிறவரின் வயிற்றெரிச்சலுக்கு முதலில் பார்க்க வேண்டியது அந்த மாத்திரையைத்தான். தார் போல் கறுத்த மலம், ரத்த வாந்தி, விழுங்கும்போது அடைப்பு, காரணமில்லாமல் எடை இறங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் சூர்ண டப்பாவை மூடி வைத்துவிட்டு எண்டோஸ்கோபி வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சு இறுக்கத்தோடு வியர்வை, தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி வந்தால் அதை "வாயுப் பிடிப்பு" என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வெறும் மேல்வயிற்று மந்தமாகவே வரலாம். 108ஐ அழையுங்கள்.

எங்கே வாங்குவது? சென்னை திருவான்மியூரில் 1944 முதல் இயங்கும் இம்ப்காப்ஸ் கூட்டுறவு மருந்தகம், தமிழக அரசின் மருந்து நிறுவனமான டாம்ப்கால், 1902இல் தொடங்கிய கோட்டக்கல் ஆர்ய வைத்யசாலையின் கிளைகள், இந்த மூன்றும் பழம்பாட மருந்துகளை நம்பி வாங்கத் தக்க இடங்கள். பெரிய விளம்பரக் கம்பெனிகளில் வாங்கினால் "சாஸ்திரீய மருந்து" வகையா, "தனியுரிமை மருந்து" வகையா என்று பாருங்கள். முன்னதில் மூலநூலின் பெயர் போட்டிருப்பார்கள். பின்னதில் பெயர் அவிபத்திகரத்தை ஒட்டி வைத்திருந்தாலும் விகிதம் அவர்கள் இஷ்டம். தயாரித்த தேதி ஆறு மாதத்துக்குள் இருப்பதாகத் தேடி எடுங்கள். காலாவதி தேதி தள்ளி இருந்தாலும் கிராம்பு, ஏலம், பெருங்காயத்தின் வாசனை எண்ணெய் அதுவரை காத்திருக்காது. அவிபத்திகர டப்பாவைக் குலுக்கினால் பொடி அசைய வேண்டும். ஒரே கட்டியாக நகர்ந்தால் சர்க்கரை ஈரம் குடித்திருக்கிறது, வாங்க வேண்டாம். ஈர ஸ்பூன் போடாமல் கண்ணாடிக் குப்பிக்கு மாற்றி வைத்து இரண்டு மாதத்தில் தீர்த்துவிட 50 கிராம் போதும். சலுகை விலையில் வரும் அரை கிலோ பாக்கெட் பாதியில் கட்டிதட்டிக் குப்பைக்குத்தான் போகும்.